நீரடிமுத்தும் சால்முக்ராவும்: தோல்நோய் மருந்தொன்றின் பெயரும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் தொழுநோய்க்கு உலகெங்கும் வழங்கப்பட்ட சால்முக்ரா எண்ணெயின் வரலாறு பெரும்பாலும் வேதியியலாரின் கண்டுபிடிப்பு வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதற்கு உறவான தென்னிந்திய விதையாகிய நீரடிமுத்து அவ்வரலாற்றில் ஒரு பதிலிப் பொருளாக மட்டும் வந்துபோகிறது. இக்கட்டுரை இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்குகிறது. வடக்கே மருந்தின் தாவரப்பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் தவறான மரத்தின்மீது நின்றது. தெற்கே மருந்தின் பெயர் உறுதியாக இருந்தபோதும் நோயின் பெயர் பல நோய்களை ஒருசேரக் குறித்தது. இவ்விரு நிலைகளையும் கருதாமல் இம்மருந்தின் பயன் குறித்துக் கூறப்படும் தீர்ப்புகள் பிழைபடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நீரடிமுத்து, சால்முக்ரா, குட்டம், தொழுநோய், சித்த மருத்துவம், மருந்துப்பெயர் வரலாறு

விதையும் மரமும்

தோல்நோய்க்குத் தமிழ் மருத்துவம் கையாண்ட மூலிகைகளுள் பல வீட்டு வாசலிலும் வயல்வரப்பிலும் கிடைப்பவை. வேம்பு, குப்பைமேனி, பூவரசு ஆகியவற்றைப் பெற எவரும் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. வேறு சில வெளிநிலத்திலிருந்து வந்து இங்கு ஊன்றியவை. படைக்கு அரைத்துப் பூசப்படும் வண்டுகொல்லிக்கு வழங்கும் சீமையகத்தி என்னும் மறுபெயரே அதன் வருகையைச் சொல்லிவிடுகிறது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பறங்கிப்பட்டையின் பெயரும் அவ்வாறே தன் வழியைக் காட்டுகிறது. பாரம்பரிய மருத்துவம் என்பதை என்றும் மாறாத ஒரு தொகுதியாகக் கருதுவோர் இவ்விரு பெயர்களையேனும் நினைவிற்கொள்ளலாம்.

நீரடிமுத்து இவ்விரு வகைகளிலும் அடங்காது. அது இந்நிலத்து மரமே எனினும் சமவெளித் தமிழர் கண்ணிற்பட்ட மரம் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், குறிப்பாக ஓடைக்கரைகளில், 10 முதல் 15 மீட்டர் உயரம் வளர்வது. விளாங்காயை ஒத்த உருண்டையான காய், மரக்கட்டை போன்ற ஓடு, உள்ளே சதைப்பற்றில் நெருங்கிப் பதிந்த கோணலான விதைகள் என்பன அதன் அடையாளங்கள். காய் மீன்களை மயக்கும் நஞ்சாகப் பயன்பட்டது. தாவரவியலார் ஒரு காலத்தில் இம்மரத்திற்கு இட்ட 'இனிப்ரியன்ஸ்' என்னும் சிறப்புப்பெயர் மயக்கந்தருவது என்னும் பொருளுடையது. கேரளத்தில் மரோட்டி என வழங்கும் இம்மரத்தின் காயோட்டை இரண்டாகப் பிளந்து அகலாக்கி, அதன் எண்ணெயையே வார்த்து விளக்கேற்றும் வழக்கமும் உண்டு. 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழுக்கள் இம்மரத்தின் இலையை உண்டே வளர்கின்றன என்பது மருத்துவ நூல்கள் அறியாத ஒரு செய்தி.

பெயரின் பின்பகுதியாகிய முத்து, விதையைக் குறிக்கும். ஆமணக்குமுத்து, வேப்பமுத்து என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. முன்பகுதி, நீர்க்கரையில் நிற்கும் மரத்தின் இயல்பை உணர்த்துவதாகக் கொள்ளத்தக்கது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. தமிழ்ப்பெயர் மரத்திற்கு அன்றி விதைக்கே இடப்பட்டிருக்கிறது. தஞ்சையிலோ மதுரையிலோ மருந்து முடித்த வைத்தியர் கையாண்டது மலையிலிருந்து வணிகர்வழி வந்து கடையில் விற்கப்பட்ட உலர்ந்த விதை. மரத்தை அறிந்தவர் அதைப் பொறுக்கிச் சேர்த்த மலையோரத்து மக்கள். மருந்தை அறிந்தவரும் மரத்தை அறிந்தவரும் வேறுவேறாக இருந்தும், இடையில் விதை மாறிப்போகாமல் வந்து சேர்ந்தது. கடைச்சரக்கு என்று எளிதாகச் சொல்லப்படும் ஏற்பாட்டின் வலிமை இதில் விளங்கும்.

எழுத்துச் சான்றுகளும் இம்மரத்தின் நிலத்தைத் தெளிவாகவே சுட்டுகின்றன. சுசுருத சங்கிதையின் சிகித்சைப் பகுதி, குட்டநோய்க்கு ஆகும் துவரகம் என்னும் மரம் மேலைக்கடற்கரையில் வளர்வதாகக் கூறுகிறது. துவரகம் நீரடிமுத்து மரமே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலின் முதல் தொகுதி 1678இல் வெளிவந்தது. அதில் மரோட்டி படத்துடன் இடம்பெற்றது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஒயிட்லா ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகாவில் நீரடிமுத்து அதன் தமிழ்ப்பெயராலேயே பதிவாயிற்று. ஆகவே படம் ஒரு நூலிலும் பெயர் மற்றொரு நூலிலுமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்விதை ஐரோப்பியரின் அச்சு நூல்களுக்குள் வந்துவிட்டது.

குட்டம் என்னும் சொல்லின் பரப்பு

சித்த மருத்துவ நூல்கள் குட்டத்தைப் பதினெட்டாக வகுக்கின்றன. ஆயுர்வேதமும் பெருங்குட்டம் ஏழு, சிறுகுட்டம் பதினொன்று எனப் பதினெட்டே கூறும். இவ்வகைப்பாடு நோய்க்கிருமியை அடிப்படையாகக் கொண்டதன்று. நிறம், தடிப்பு, செதில், ஊறல், உணர்விழப்பு, நீர்வடிதல், உறுப்புக்குறைதல் எனக் கண்ணும் கையும் அறியும் குறிகளை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இன்று தொழுநோய் எனப்படும் பெருநோயும் குட்டத்துள் அடங்கியது. பூஞ்சைத் தொற்றால் வரும் படையும் அடங்கியது. தொற்றே அல்லாத தோல் அழற்சிகளும் அடங்கின. வெண்குட்டம் என்னும் சொல் இன்றளவும் இதற்குச் சான்றாக நிற்கிறது. தோலின் நிறமி இழப்பாகிய அது எவருக்கும் தொற்றாதது. எனினும் குட்டம் என்னும் பெயரைத் தாங்கியதால் தொழுநோயாளர் அடைந்த ஒதுக்கத்தில் ஒரு பங்கை அந்நோயுடையாரும் அடைந்தனர். ஒரு சொல்லின் பரப்பு சிலருடைய திருமண வாய்ப்பையும் குடியிருப்பையும் தீர்மானித்தது என்பது மிகையன்று.

நீரடிமுத்துக்குச் சொல்லப்படும் குணங்களும் இப்பரப்பிற்கு ஏற்பவே அமைந்தன. சொறி, சிரங்கு, படை, ஆறாப்புண், குட்டம் ஆகிய அனைத்திற்கும் அது ஆகும். விதையின் ஓட்டை நீக்கிப் பருப்பை அரைத்துப் பூசுதல், பருப்பிலிருந்து எண்ணெய் பிழிந்து தடவுதல், பிற சரக்குகளுடன் சேர்த்து உள்ளுக்குக் கொடுத்தல் என மூன்று வழிகள் கையாளப்பட்டன. சேங்கொட்டையும் சேரும் நீரடிமுத்து வல்லாதி மெழுகு இவ்வகையில் அறியப்பட்ட மருந்து. உள்மருந்துக்கு முன் பேதிக்குக் கொடுத்துக் குடலைத் தூய்மை செய்வதும், மருந்துண்ணும் நாளெல்லாம் கடும் பத்தியம் காப்பதும் முறை. எண்ணெய் குமட்டலை உண்டாக்கும்; பலரால் அதைத் தொடர்ந்து உட்கொள்ள இயலாது. பின்னாளில் மேலை மருத்துவரும் இதே தடையை எதிர்கொண்டனர்.

இம்முறையில் குணமடைந்தோர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் எந்நோயிலிருந்து குணமடைந்தனர் என்பதே வினா. சிரங்கு ஆறியவரும் படை நீங்கியவரும் பெருநோயின் தொடக்கநிலைத் தேமல் மறைந்தவரும் 'குட்டம் தீர்ந்தவர்' என்னும் ஒரே கணக்கில் வருவர். இதை நூலாசிரியர்களின் குறையாகக் கருதுவது பொருந்தாது. நோர்வே நாட்டு மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல்தான். அதற்கு முன் ஐரோப்பாவிலும் லெப்ரா என்னும் சொல் இதே அளவுக்கு அகன்று கிடந்தது.

கல்கத்தாக் கடைத்தெருவும் தாவரவியல் நூலும்

வடகிழக்கில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. வங்கத்துக் கடைத்தெருக்களில் சால்முக்ரா என்னும் பெயரில் ஒரு விதை தோல்நோய்க்கு விற்கப்பட்டு வந்தது. அசாம், சிட்டகாங், பர்மா ஆகிய பகுதிகளின் காடுகளிலிருந்து அது வந்தது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ தம் தாவரப் பட்டியலில் ஒரு மரத்தைச் சால்முக்ரா ஓடொராட்டா என்று குறித்தார். 1814இல் அப்பட்டியல் அச்சாயிற்று. பின்னர் அம்மரம் கைனோகார்டியா ஓடொராட்டா எனப் பெயர் மாறியது. அதுவே கடைத்தெரு விதையைத் தரும் மரம் என்று அதன்பின் வந்தோர் அனைவரும் நம்பினர்.

வங்க மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பிரடெரிக் ஜான் மவுவாட் 1854இல் இவ்விதையைத் தொழுநோய்க்குக் கொடுத்துக் கண்ட பயனை எழுதியபின் மேலை மருத்துவ உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது. எட்வர்ட் ஜான் வேரிங் பதிப்பித்த 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்துநூலில் சால்முக்ரா அதிகாரபூர்வ மருந்தாக இடம்பெற்றது. ஆனால் கைனோகார்டியா மரத்தின் பெயரில்.

அது தவறான மரம். 1900ஆம் ஆண்டை ஒட்டி டேவிட் பிரெயின் கல்கத்தாக் கடைகளில் விற்ற விதைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, அவை கைனோகார்டியாவின் விதைகள் அல்ல, டராக்டோஜெனோஸ் குர்சி என்னும் வேறொரு மரத்தின் விதைகள் என்று காட்டினார். இப்போது அம்மரமும் ஹிட்னோகார்பஸ் பேரினத்திலேயே வைக்கப்படுகிறது. அதாவது நீரடிமுத்தின் நெருங்கிய உறவு. இரு மரங்களையும் காட்டில் கண்டவர் அவற்றை மயங்க வாய்ப்பில்லை. கைனோகார்டியாவின் காய்கள் அடிமரத்தை ஒட்டியே காய்த்துத் தொங்குவன. விதை பொறுக்கி விற்றவர் ஒருநாளும் இதில் தவறியிருக்க மாட்டார். கடைக்காரர் விற்றதும் சரியான விதையே. நூல்தான் தவறியது. நூலை நம்பிக் கைனோகார்டியாவைத் தேடிச் சென்ற ஒருவர் நன்கு விளைந்த, நன்கு உலர்ந்த, பயனற்ற விதைகளுடன் திரும்பியிருப்பார்.

பயனற்ற என்னும் சொல்லுக்கு வேதியியல் சான்று விரைவில் கிடைத்தது. லண்டனில் வெல்கம் வேதியியல் ஆய்வுக்கூடத்தின் பிரடெரிக் பவரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1904இல் உண்மையான சால்முக்ரா எண்ணெயிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு கொழுப்பமிலத்தைப் பிரித்துச் சால்முக்ரிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு கைனோகார்டியா எண்ணெயை ஆராய்ந்தபோது அதில் அவ்வமிலம் இல்லை. அதே 1905இல் அவர்கள் தென்னிந்திய விதையையும் சயாமிலிருந்து சீனத்திற்குச் செல்லும் உறவின விதையையும் ஆராய்ந்தனர். இரண்டிலும் சால்முக்ரிக் அமிலம் இருந்தது. அதற்கு இணையான இன்னோர் அமிலமும் இருந்தது. அப்புதிய அமிலத்திற்கு மரத்தின் பேரினப் பெயரால் ஹிட்னோகார்ப்பிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஒவ்வொன்றின் மூலக்கூறிலும் ஐந்து கார்பன் அணுக்களாலான ஒரு வளையம் நீண்ட சங்கிலியின் நுனியில் இணைந்துள்ளது. பிற தாவர எண்ணெய்களில் இத்தகைய அமைப்பு மிக அரிது.

தென்னாட்டின் நிலை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய முகைதீன் ஷெரீப், இந்திய மருந்துநூலுக்கு 1869இல் ஒரு பின்னிணைப்பு நூலை வெளியிட்டார். ஒவ்வொரு மருந்துக்கும் தமிழ், தெலுங்கு, தக்கணி உள்ளிட்ட மொழிகளின் பெயர்களைச் சரிபார்த்துத் தருவதே அதன் முதன்மையான பணி. கடையில் கேட்கும் பெயரும் நூலில் உள்ள பெயரும் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்னும் வினாவை ஒரு தனிப்பணியாகவே ஏற்றவர் அவர். மருந்தியல் வரலாறு எழுதுவோர் அவரைத் தொகுப்பாளர் என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றனர். வடக்கில் நேர்ந்த பிழையின் அளவை நோக்கும்போது அப்பணியின் பெறுமதி வேறாகத் தெரிகிறது.

வாயிலிருந்து ஊசிக்கு

எண்ணெயை உட்கொண்டால் குமட்டல். தோலின்கீழ் ஏற்றினால் தாங்கொணா வலி, சில வேளை சீழ்க்கட்டி. இச்சிக்கலே இருபதாம் நூற்றாண்டின் முதற்கால் முழுவதும் ஆய்வாளரை உழைக்க வைத்தது. கெய்ரோவில் தொர்த்தூலிஸ் பே என்னும் மருத்துவர், 1894இல் தொடங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் ஒரே நோயாளிக்கு 584 ஊசிகள் செலுத்தினார் என்னும் பதிவு உண்டு. அந்நோயாளியின் பொறுமையும் மருத்துவரின் விடாப்பிடியும் ஒருங்கே வியப்பளிப்பன. மணிலாவில் விக்டர் ஹைசர் எண்ணெயுடன் கற்பூரமும் ரெசார்சினும் கலந்து ஊசியாக ஏற்றினார்.

ஹவாயில் 23 வயதே ஆன ஆலிஸ் பால் என்னும் கறுப்பினப் பெண் வேதியியலார் 1915ஐ ஒட்டி எண்ணெயின் கொழுப்பமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி, உடல் ஏற்கத்தக்க ஊசிமருந்தாக்கும் முறையை உருவாக்கினார். 1916ஆம் ஆண்டின் இறுதிநாளில், 24ஆம் வயதில், அவர் மறைந்தார். அவருடைய கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அப்பணியைத் தொடர்ந்து தம் பெயரிலேயே வெளியிட்டார். இப்பணியை அவரிடம் முதலில் ஒப்படைத்த மருத்துவர் ஹாரி ஹோல்மன் 1922இல் அதைப் 'பால் முறை' என்று எழுதியதால்தான் உண்மை அச்சில் தங்கிற்று. பல்கலைக்கழகம் தன் வளாகத்துச் சால்முக்ரா மரத்தில் அவர் பெயரைப் பொறிக்க 2000ஆம் ஆண்டு ஆயிற்று.

இந்தியாவில் இதே காலத்தில் லெனார்ட் ராஜர்ஸ் கொழுப்பமிலங்களின் சோடிய உப்புகளை ஊசியாகப் பயன்படுத்தினார். அவர் தம் மருந்துக்கு இட்ட பெயர் சோடியம் கைனோகார்டேட். மரத்தைப் பற்றிய பிழை திருத்தப்பட்டுப் பத்தாண்டுக்கு மேலாகியும் தவறான மரத்தின் பெயர் மருந்துப் புட்டியின்மேல் தொடர்ந்தது. பெயர்கள் பொருள்களைவிட நெடுநாள் வாழ்பவை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பின்னர் அவர் தென்னிந்திய விதையின் எண்ணெயிலிருந்து சோடியம் ஹிட்னோகார்பேட்டைச் செய்தார்.

தென்னிந்திய விதை மெல்ல முன்னுக்கு வந்ததற்குக் காரணம் அதன் பழம்பெருமையன்று. பர்மாவின் மரங்கள் எட்டாக் காடுகளில் நின்றன. 1920இல் அமெரிக்க வேளாண்மைத் துறை அனுப்பிய தாவரவியலார் ஜோசப் ராக், சயாமிலும் பர்மாவிலும் அலைந்து சிந்துவின் ஆற்றுப் பகுதியில் அவற்றைக் காண வேண்டியிருந்தது. நெடுந்தொலைவு பயணித்துப் பழசான விதையின் எண்ணெய் ஊசியிட்ட இடத்தைப் புண்ணாக்கும். மேற்குக்கரையின் விதையோ புதிதாகக் கிடைக்கும். துறைமுகமும் அருகில் உள்ளது. பிரித்தானிய மருந்துநூல் 1914இல் சால்முக்ரா எண்ணெயை ஏற்றிருந்தது. 1932 பதிப்பில் அவ்விடத்தை ஹிட்னோகார்பஸ் எண்ணெய் பெற்றது. பதிலியாக உள்ளே வந்த பொருள் மூலப்பொருளை வெளியேற்றிய நிகழ்வு இது.

இவ்விடத்தில் சென்னை மாகாணத்தின் ஒரு முரணைச் சுட்டுவது தகும். 1918இல் சென்னை அரசு நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமனை அமர்த்தியது. நாட்டு மருத்துவத்தின்மீது கடுமையான தீர்ப்புரைத்த அவருடைய அறிக்கை பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. 1923இல் அதன் அறிக்கை வெளிவந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியன அறிவியல் ஆகுமா என்று வழக்காடப்பட்ட அதே ஆண்டுகளில்தான் நாட்டு வைத்தியரின் குட்ட மருந்தாகிய ஓர் எண்ணெய், தொழுநோய்க்கு மேலை மருத்துவம் நம்பிய முதன்மை மருந்தாக ஊசிகளில் ஏறிக்கொண்டிருந்தது. பொருள் ஏற்கப்பட்டது, அதைக் காத்து வந்த முறை விசாரணைக் கூண்டில் நின்றது.

எண்ணெய் செய்த வேறொரு வேலை

1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், நோயுற்ற இரவலரைப் பிடித்து அடைக்க அதிகாரம் அளித்தது. மருந்தில்லாத நோய்க்குச் சுவரே மருந்து என்பது அதன் உட்கிடை. ஹிட்னோகார்பஸ் ஊசி பரவிய பின்னர் இந்நிலை மாறத் தொடங்கியது. கல்கத்தாவில் எர்னஸ்ட் மியூர், பரப்புரை, சிகிச்சை, கணக்கெடுப்பு என்னும் மூன்றையும் இணைத்த ஒரு திட்டத்தை வகுத்தார். நோயின் தொடக்கத்திலேயே மக்கள் தாமாக வெளிநோயாளர் பிரிவுக்கு வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. அடைக்கப்படுவோம் என்னும் அச்சமுடையவர் நோயை மறைப்பார். ஊசி கிடைக்கும் என்று நம்புபவர் காட்டுவார். எண்ணெய் கிருமியை எவ்வளவு அழித்தது என்பது ஒருபுறம் இருக்க, ஒளிந்திருந்தோரை வெளியே வரச்செய்தது என்பதில் ஐயமில்லை. இம்மருந்தின் வரலாற்றுப் பங்களிப்புகளுள் இதுவே தலையாயது என்று கருத இடமுண்டு.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இயங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையிலும் இவ்வெண்ணெய் ஊசியே அன்றாடச் சிகிச்சை. தடிப்புகளைச் சுற்றியும் அவற்றினுள்ளும் சிறுசிறு அளவாகப் பல இடங்களில் குத்த வேண்டும். வாரந்தோறும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். நோயாளர் அதைப் பொறுத்தனர். 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேகே புரோமின் என்னும் சல்போன் மருந்தைப் பயன்படுத்திக் கண்ட வெற்றி, நிலைமையை முற்றிலும் மாற்றியது. புரோமின் விலை மிக்கது. நரம்பின்வழி ஏற்ற வேண்டியது. அதன் மூலப்பொருளாகிய டாப்சோனை நேரடியாகவே கொடுக்கலாம் என்பதை ராபர்ட் காக்ரேன் 1946ஐ ஒட்டிச் செங்கல்பட்டில் சோதித்துக் காட்டினார். விலைகுறைந்த மாத்திரையாக டாப்சோன் பரவியபின் சில ஆண்டுகளில் ஹிட்னோகார்பஸ் எண்ணெய் மருத்துவமனைகளிலிருந்து மறைந்தது. அம்மருத்துவமனை 1955இல் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆய்வு நிறுவனமாயிற்று.

பயன் குறித்த வினா

எண்ணெய் உண்மையில் வேலை செய்ததா? இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஒன்று, அது வெறும் நம்பிக்கை, சல்போன் வரும்வரை மருத்துவர் கையில் வேறெதுவும் இல்லை என்பது. மற்றொன்று, சித்தர்கள் கண்ட மருந்தை மேலைநாட்டார் கவர்ந்து கைவிட்டனர் என்பது. தமிழில் வரும் மூலிகை நூல்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் சாரும்.

சான்றுகள் இரண்டிற்கும் முழுமையாக இடந்தரவில்லை. தொழுநோயின் ஒருவகையில், உடலின் எதிர்ப்பாற்றல் மிக்கோருக்கு, சில தேமல்கள் மருந்தின்றியே மறைவதுண்டு. தொடக்கநிலை நோயாளரிடமே எண்ணெய் மிகுந்த பயன் தந்தது என்னும் அக்கால மருத்துவர் கூற்றை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். முற்றிய நோயாளரிடம் நோய் திரும்பி வந்தது என்று அவர்களே எழுதினர். மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் முறைப்படி பிரித்து ஒப்பிடும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்க இயலாது என்பதால் ஆய்வுக்கூடச் சான்றுக்கும் வழியில்லாதிருந்தது. 1960இல் சார்லஸ் ஷெப்பர்ட் சுண்டெலியின் பாதத்தில் அக்கிருமியைப் பெருகச் செய்யும் முறையைக் கண்டபின்னரே அத்தகைய சோதனை கைகூடிற்று. 1975இல் லெவி என்னும் ஆய்வாளர், சால்முக்ராவின் அமிலங்கள் சுண்டெலியின் பாதத்தில் அக்கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பதாக அறிவித்தார். எண்ணெய் வெறும் நம்பிக்கை அன்று என்பதற்கு அது போதும். ஆனால் அது குணப்படுத்தும் மருந்து என்பதற்குப் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை தொழுநோயை முற்றாகக் குணப்படுத்துகிறது. அதற்கு மாற்றாக எண்ணெயை வைக்க எவ்வகை அடிப்படையும் இல்லை.

இரண்டாம் விடையைச் சொல்வோர் கருதாத மற்றொன்று உண்டு. குட்டத்திற்கு நீரடிமுத்து ஆகும் என்னும் தமிழ் நூற்கூற்றைத் தொழுநோய்க்கு ஆகும் என்று மட்டும் பெயர்த்தால் அக்கூற்றின் பெரும்பகுதி கைவிடப்படுகிறது. சொறிக்கும் சிரங்குக்கும் படைக்கும் அது தந்த பயனைத் தொழுநோய்ச் சோதனைகள் தொடவே இல்லை. மருந்துநூல்களில் இடம்பெற்றது ஒரு நோய்க்கான மருந்தாகவே. அந்நோய்க்கு அதைவிடச் சிறந்த மருந்து வந்ததும் விதை முழுவதுமே ஒதுக்கப்பட்டது. இன்று தோல்நோய்த் தைலங்களில் நீரடிமுத்தைச் சேர்க்கும் சித்த மருத்துவர் பின்பற்றுவது அந்தப் பழைய அகன்ற பொருளையே.

சுவடிப் பதிப்புகளிலும் மூலிகை அகராதிகளிலும் இப்பெயர்ச் சிக்கல் இன்னும் தீரவில்லை. நீரடிமுத்துக்கு நேராகச் சிலர் சால்முக்ரா என்று எழுதுகின்றனர். அது உறவினம் ஒன்றின் பெயர். கைனோகார்டியா என்று எழுதுவோர் 1814ஆம் ஆண்டின் பிழையை அறியாமல் தொடர்கின்றனர். வேறு சிலர் ஹிட்னோகார்பஸ் வைட்டியானா என்றும், சிலர் ஹிட்னோகார்பஸ் லாரிஃபோலியா என்றும், அண்மைக்காலத்தவர் ஹிட்னோகார்பஸ் பென்டாண்ட்ரா என்றும் எழுதக் காண்கிறோம். ஒரே நூலில் இவை மூன்றும் மூன்று மூலிகைகளாக எண்ணப்படுவதும் உண்டு. இம்மூன்று அறிவியற்பெயர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரையில் நிற்கும் ஒரே மரத்தைக் குறிப்பன.